ஊமை கண்ட கனவு



'ஊமை கண்ட கனவு' என்று ஒரு வழக்கு நம்மிடையே உண்டு. கண்டவனுக்குத் தெரியும், ஆனால் பிறருக்குச் சொல்ல இயலாது என்பது அதன் பொருள். நயமான வழக்குத்தான், ஆனால் உண்மையா? சைகை மொழி அறிந்த ஒருவன் தான் கண்ட கனவைத் தன் நண்பனுக்குக் கைகளாலும் கண்களாலும் முழுவதும் எடுத்துரைப்பான். நண்பன் அதைக் கேட்டுக் கேலியும் செய்வான். குறை கனவு கண்டவனிடம் இல்லை. அவன் மொழியை அறியாத நம்மிடமே இருக்கிறது. உங்களுள் கதை எழுதும் விருப்பம் உடையவர்கள் பலர் இருப்பீர்கள். வாய் பேசாத ஒருவரைப் பாத்திரமாகப் படைக்க எண்ணுவோர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இதுதான்: பேசாதவர் மொழியற்றவர் அல்லர்.

நம் கதைகளிலும் திரைப்படங்களிலும் இத்தகைய பாத்திரங்கள் படும் பாட்டை எண்ணிப் பாருங்கள். ஒருவன் கொலையைக் கண்ணால் கண்டுவிட்டுச் சொல்ல முடியாமல் தவிப்பான். ஒருத்தி எல்லாக் கொடுமையையும் பொறுத்துக்கொண்டு கண்ணீர் வடிப்பாள். கடைசி அத்தியாயத்தில் பேரதிர்ச்சி ஒன்று நேர, தொண்டையிலிருந்து திடீரென்று குரல் பிறக்கும். இவர்கள் மனிதர்கள் அல்லர். கதாசிரியர் தம் வசதிக்காக நட்டுவைத்த கம்பங்கள்.

பேச்சு இல்லையேல் மொழியும் இல்லை என்ற தவறான எண்ணம் கதைகளோடு நிற்கவில்லை. 1880-ஆம் ஆண்டில் இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் கல்வியாளர் மாநாடு ஒன்று கூடியது. ஏறக்குறைய அனைவரும் காது கேட்பவர்களே கூடியிருந்த அந்த அவை, பள்ளிகளில் சைகையை விலக்கி வாய்ப்பேச்சையே கற்பிக்க வேண்டும் என்று தீர்மானித்தது. அதன் விளைவாகப் பல நாடுகளின் வகுப்பறைகளில் குழந்தைகளின் கைகள் அடக்கப்பட்டன. 1960-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வில்லியம் ஸ்டோக்கோ என்னும் ஆசிரியர், சைகைகள் வெறும் அபிநயம் அல்ல. கையின் வடிவம், அது நிற்கும் இடம், அதன் அசைவு ஆகிய உறுப்புகளால் அமைந்த முறையான மொழி என்று ஆராய்ந்து காட்டினார். மிலான் தீர்மானங்களைத் தள்ளுவதாகக் கல்வியாளர்களின் மாநாடு அறிவித்ததோ 2010-இல், கனடாவின் வான்கூவர் நகரில்தான். இடையில் சென்றவை 130 ஆண்டுகள்!

இனி எழுத்துக்கு வருவோம். உங்கள் பாத்திரம் காது கேளாதவரா, காது கேட்டும் பேச இயலாதவரா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். இருவர் உலகமும் வேறு. காது கேளாதவர் என்றால், சைகையை எங்கே கற்றார் என்பது அடுத்த கேள்வி. பள்ளிக்குச் செல்லாத சிற்றூர்ச் சிறுவன் தன் வீட்டாரோடு தானே வகுத்துக்கொண்ட சில குறிகளால் பழகுவான். தன்னைப் போன்ற மாணவர்களோடு பள்ளியில் வளர்ந்தவளுக்கோ முழுமையான மொழி வாய்த்திருக்கும். இந்தியச் சைகை மொழியில் 'யார்', 'எங்கே' போன்ற வினாக்குறி வாக்கியத்தின் இறுதியில் வரும். கை செய்வது ஒன்றாகவே இருக்க, புருவம் உயர்ந்தால் அது கேள்வியாகிவிடும். உலகெங்கும் ஒரே சைகை மொழி வழங்குகிறது என்று எண்ணாதீர்கள். இங்கிலாந்தும் அமெரிக்காவும் ஆங்கிலம் பேசும் நாடுகள். ஆயினும் அவற்றின் சைகை மொழிகள் வேறு வேறானவை.

உதட்டைப் பார்த்தே அனைத்தையும் அறிந்துகொள்ளும் கதாநாயகி நம்பத் தகுந்தவள் அல்லள். கண்ணாடி முன் நின்று 'பணம்' என்றும் 'மணம்' என்றும் சொல்லிப் பாருங்கள். இரண்டிற்கும் உதடுகள் ஒரே விதமாகவே மூடித் திறக்கும்.

அவர்கள் உரையாடலை எவ்வாறு எழுதுவது? மற்றவர் பேச்சைப் போல நல்ல தமிழிலேயே எழுதுங்கள். சைகை என்பதற்காகச் சொற்களை உடைத்துக் கொச்சையாக்க வேண்டா. ஒவ்வொரு விரலசைவையும் வருணிப்பதும் வேண்டா. நாம் பேசும்போது நாக்கின் அசைவை யாரும் வருணிப்பதில்லையே. கை பேசும் முறை கதையை நடத்தும் இடத்தில் மட்டும் அதைக் காட்டுங்கள். இரு கைகளிலும் குடம் ஏந்தியவள் மறுமொழி கூறக் குடத்தை இறக்க வேண்டும். விளக்கு அணைந்தால் பேச்சும் நிற்கும். கோபம் கொண்ட மனைவி கண்ணை மூடிக்கொண்டால் கணவன் வாதம் அந்த இடத்திலேயே முடிந்தது! ஆனால் இரைச்சல் மிகுந்த ரயில் நிலையத்தில் இரண்டு மேடைகளுக்கு இடையே இருவர் தடையின்றி உரையாடலாம். அங்கே நாம்தான் ஊமைகள்.

ருஷ்ய எழுத்தாளர் துர்கனேவ் 1854-இல் வெளியிட்ட 'முமு' என்னும் கதையில் கெராசிம் என்ற பண்ணையடிமை வருகிறான். பிறவியிலேயே காது கேளாதவன். அவன் அன்போடு வளர்த்த நாயைக் கொன்றுவிட வேண்டும் என்பது எசமானியின் கட்டளை. கெராசிம் கழுத்தைச் சுற்றிச் சுருக்கை இறுக்குவது போலக் கையால் காட்டி, 'இதுவா?' என்று முகத்தால் வினவுகிறான். ஆம் என்று அறிந்ததும் மீண்டும் அதே குறியைக் காட்டித் தன் மார்பில் அறைந்துகொள்கிறான்: 'நானே செய்கிறேன்' என்பது பொருள். பிறகு தன் கையாலேயே நாயை நீரில் ஆழ்த்தி, எசமானியின் வீட்டைத் துறந்து தன் ஊருக்கு நடந்துவிடுகிறான். கெராசிம் கற்ற மொழி பள்ளி மொழி அன்று, வீட்டுக் குறிகளே. ஆயினும் வினாவும் முடிவும் அவனுடையவை. ஆசிரியர் அவனுக்காக அழுதுகொண்டிராமல், அவன் செய்வதைச் சொல்கிறார். நாம் கற்க வேண்டிய பாடம் இதுவே என்று நான் கருதுகிறேன்.

காது கேளாத குழந்தைகளுள் பெரும்பாலோர் காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கின்றனர். அந்தப் பெற்றோர் சைகையைக் கற்கலாமா, வெட்கப்பட்டு மறைக்கலாமா என்று தடுமாறும்போது, அவர்கள் படித்த கதைகளும் பார்த்த படங்களும் அவர்கள் மனத்தில் நின்று பேசும். ஆகவே உங்கள் பாத்திரத்துக்குப் பொறுமையை மட்டும் கொடுக்காதீர்கள். பொறாமையும், பிடிவாதமும், குறும்பும், கடனும், காதலும் கொடுங்கள். எழுதியதை அச்சுக்கு அனுப்பும் முன், அம்மொழியில் வாழும் ஒருவரிடம் காட்டுங்கள். அவர் திருத்தச் சொல்லும் இடங்களைத் திருத்துங்கள்.