ரிம் மாற்றலாம், காரை இறக்கலாமா?



இன்றைய தலைப்பை அறிவித்ததும் முன்வரிசை அம்மாமார்கள் முகம் சுளித்ததைப் பார்த்தேன். பின்வரிசைப் பையன்கள் நிமிர்ந்து உட்கார்ந்ததையும் பார்த்தேன். காருக்கு ஸ்போர்ட் ரிம் போடுவதும் காரைத் தாழ்த்துவதும் நம் வீடுகளில் அவ்வளவு பெரிய சண்டை.

'வெட்டிச் செலவு' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட நான் வரவில்லை. தாத்தா பால்மரம் வெட்டியவர். அப்பா கடைசிவரை மோட்டார் சைக்கிளிலேயே போய் வந்தவர். குலிமிலோ சுங்கை பட்டாணியிலோ தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் நின்று ஒரு பையன் கார் வாங்குகிறான் என்றால், பல வீடுகளில் அதுதான் முதல் கார். அதை அழகாக வைத்துக்கொள்ள அவன் ஆசைப்படுவதில் என்ன குற்றம்?

என் தம்பியும் அப்படித்தான் ஆசைப்பட்டான். 2011-இல் பழைய புரோட்டோன் வீரா ஒன்றை வாங்கினான். மூன்றே மாதத்தில் 15 அங்குல ரிம் ஏறியது. பட்டறையில் ஸ்பிரிங்கை ஒன்றரைச் சுற்று வெட்டிக் காரையும் இறக்கிவிட்டான். "அக்கா, காடி இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டான். உண்மையைச் சொல்கிறேன், நன்றாகத்தான் இருந்தது. நான்கூடப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சுங்கை பட்டாணியில் உறவினர் திருமணம். தம்பி ஓட்ட, அப்பா, அம்மா, சித்தி, நான் என ஐந்து பேர். பின்பெட்டியில் சீர்த்தட்டுகள். பெண்டாங் டோலில் நெடுஞ்சாலை ஏறினோம். குருன் வருவதற்கு முன்பே பின்பக்கம் ரப்பர் கருகும் வாடை. "முன்னால போற லாரி" என்றான் தம்பி. அடுத்த சில நிமிடங்களில் இடது பின்டயர் வெடித்தது. கார் இரண்டு முறை ஆடி, ஓரத் தடுப்பை உரசி நின்றது. பின்னால் லாரி எதுவும் வரவில்லை. அதனால்தான் இன்று இங்கே நின்று பேசிக்கொண்டிருக்கிறேன்.

டயரைக் கழற்றிப் பார்த்தால் அதன் வெளித்தோள் நூல் தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. தம்பி தனியாக ஓட்டும்போது டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி இருந்திருக்கிறது. ஐந்து பேர் ஏறியதும் அதுவும் போய், ஒவ்வொரு மேட்டிலும் ஃபெண்டர் விளிம்பு டயரைச் சீவியிருக்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், டயர் அளவில் அவன் தப்புச் செய்யவில்லை. பழைய டயர் 175/70 ஆர்13. அதன் மொத்த உயரம் ஏறக்குறைய 575 மில்லிமீட்டர். புதியது 195/50 ஆர்15, 576 மில்லிமீட்டர். ரிம் பெரிதானால் டயரின் பக்கச்சுவர் குறைய வேண்டும், மொத்த உயரம் மாறக்கூடாது. மாறினால் வேகமானி பொய் சொல்லும். இந்தக் கணக்கு அவனுக்குச் சரியாகத் தெரிந்திருந்தது.

தப்பு ஆஃப்செட்டில். ரிம் காரில் போய் ஒட்டும் முகத்துக்கும் ரிம்மின் நடுக்கோட்டுக்கும் உள்ள தூரம்தான் ஆஃப்செட். ரிம்மின் உட்புறத்தில் 'இடி' என்ற ஆங்கில எழுத்துகளோடு 45, 38 என்று பொறித்திருப்பார்கள். அந்த எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். பார்க்கக் கம்பீரமாகத்தான் இருக்கும். காரையும் இறக்கிவிட்டால் அந்தக் கம்பீரம் நேராக ஃபெண்டரில் போய் இடிக்கும்.

கடைக்குப் போகும்போது பையன்கள் முதலில் நிறத்தைப் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது நட்டுத்துளை அளவு, அதாவது பிசிடி. மைவிக்கு நான்கு துளை, 100 மில்லிமீட்டர் வட்டம். 114.3 வட்டமுள்ள ரிம்மை எப்படியாவது மாட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். அடுத்தது நடுத்துளை. மைவியின் மையம் 54.1 மில்லிமீட்டர். கடை ரிம்கள் பல கார்களுக்கும் பொருந்துவதற்காக நடுத்துளையைப் பெரிதாகவே வைத்திருக்கும். இடைவெளியை நிரப்பும் வளையத்தைக் கேட்டு வாங்கிப் போடாவிட்டால், வேகம் கூடும்போது ஸ்டியரிங் நடுங்கலாம். அலைன்மென்ட் எத்தனை முறை பார்த்தாலும் அந்த நடுக்கம் போகாது.

டயரில் 82 என்று ஓர் எண் இருந்தால், அந்த ஒரு டயர் 475 கிலோ தாங்கும் என்று அர்த்தம். தொழிற்சாலையில் போட்டு வந்த எண்ணைவிடக் குறைந்த டயரை வாங்கவே வாங்காதீர்கள். குடும்பத்தோடு போகிறவர்கள் நாம்.

மாதிரி ரிம் பற்றியும் ஒரு வார்த்தை. ஜப்பானில் 1996-இல் வந்த வோல்க் டிஇ37-ஐ அறியாத பையன் இங்கே இல்லை. 15 அங்குல ரிம் ஒன்று 3.7 கிலோ என்பதால்தான் அந்த எண்ணே வந்தது. உலோகத்தை அழுத்தி அடித்துச் செய்தது அது. அதே ஆறு கம்பி முகத்தோடு வார்ப்பில் வரும் மலிவு ரிம் அதன் முகத்தை மட்டும்தான் கடன் வாங்கியிருக்கிறது. பழைய ரிம் வாங்கினால் பாலன்ஸ் மேடையில் சுழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பற்றவைத்த தழும்பு இருந்தால் வேண்டாம்.

சரி, காரை இறக்குவதற்கு வருவோம். நம் ஊர்ச் சாலையை யோசித்துப் பாருங்கள். இது வயல் மண். வாய்க்கால் ஓரச் சாலைகள் அலை அலையாகத்தான் கிடக்கும். பாலம் வந்தால் ஒரு மேடு, பள்ளிக்கூடம் வந்தால் ஒரு மேடு. அறுவடைக் காலத்தில் இயந்திரங்கள் உதிர்த்த களிமண் காய்ந்து கல்லாகிக் கிடக்கும். தோட்டத்துச் செம்மண் சாலையிலோ லாரித் தடம் இரண்டு பக்கமும் பள்ளமாகி, நடுவில் திட்டு எழும்பி நிற்கும். அந்தத் திட்டு நேராகப் போய்த் தட்டுவது எஞ்சின் எண்ணெய்த் தொட்டியைத்தான்.

ஸ்பிரிங்கை வெட்டுவதற்கு நான் முழு எதிரி. வெட்டிய ஸ்பிரிங் விறைத்துப்போகும். சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது இருக்கையைவிட்டு நழுவவும் கூடும். அப்சோர்பர் மட்டும் பழைய நீளத்திலேயே இருப்பதால், சின்ன மேட்டுக்கே அடிவரை போய் இடிக்கும். இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால், அந்தக் காருக்கென்றே செய்த ஸ்பிரிங், அதற்கேற்ற அப்சோர்பர், 25, 30 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். முடித்ததும் அலைன்மென்ட். ஹை-லோ போட்டிருப்பவர்கள் கோயில் திருவிழாவுக்குக் கீழே இறக்கி, மறுநாள் மேலே ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். உயரம் மாறும் ஒவ்வொரு முறையும் சக்கரத்தின் கோணமும் மாறுகிறது, டயரின் உட்புறம் தேய்கிறது. நம்மில் எத்தனை பேர் குனிந்து உட்புறத்தைப் பார்க்கிறோம்?

டயர் காரின் உடலுக்கு வெளியே துருத்தி நின்றால் ஜேபிஜே சம்மன் தரும். கட்டமைப்பை மாற்றுவதற்கு முன் அவர்களிடம் கேட்டுவிடுவதே முறை. காப்புறுதி நிறுவனத்துக்கும் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் மாற்றிய காருக்கு விபத்துக்குப் பிறகு இழப்பீடு கேட்டு அலைவது கொடுமை.

இப்போது தம்பி மைவி வைத்திருக்கிறான். ஆசை விடவில்லை, 15 அங்குல ரிம் போட்டிருக்கிறான். ஸ்பிரிங்கைத் தொடவில்லை. ரிம் பூட்டும் அன்று அப்பாவையும் என்னையும் இன்னும் இரண்டு பேரையும் பட்டறைக்கு அழைத்துப் போனான். எல்லாரையும் காரில் ஏற்றி உட்காரவைத்துவிட்டு, குனிந்து நான்கு சக்கரத்திலும் விரல் விட்டுப் பார்த்தான். கடைத் தவுக்கே சிரித்தார். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "பின்பெட்டியில ரெண்டு மூட்டை அரிசியும் போட்டுப் பாருடா" என்றார்.