இடுப்பு மூட்டு மாற்றமும் மீண்டும் நடத்தலும்
(கணபதியில் ஆற்றிய உரை)



நமது வட்டாரத்தில் கட்டுத்தறியின் ஈரத்திலும் குளியலறையிலும் வழுக்கி விழும் முதியோர் அநேகர். விழுந்தவரைக் கட்டு வைத்தியரிடம் கொண்டு செல்வது பழைய வழக்கம். இடுப்பில் அது செல்லாது. தொடை எலும்பின் கழுத்து முறிந்தால், அதன் தலைக்குச் செல்லும் இரத்தமே தடைப்படக்கூடும். கட்டுப் போட்டுப் பன்னாள் கிடந்தால் எலும்பு கூடாது. படுக்கைப் புண்ணும் நெஞ்சுச் சளியுமே கூடும்.

இதற்கு வழி கண்டவருள் தலையாயவர் இங்கிலாந்து நாட்டு டாக்டர் ஜான் சார்ன்லி. 1962 ஆம் ஆண்டில் அவர் தொடை எலும்பில் உலோகத் தண்டையும் இடுப்புக் குழியில் உராய்வு குறைந்த பிளாஸ்டிக் கிண்ணத்தையும் பொருத்தினார். பம்பு செட்டில் தேய்ந்த பேரிங்கை மாற்றிப் பழகிய கணபதிப் பட்டறைக்காரர்களுக்கு இதன் தத்துவத்தை நாம் விளக்க வேண்டியதில்லை. இன்று கோவை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், 1978 இல் தோன்றிய கங்கா மருத்துவமனையிலும் இச்சிகிச்சை நடைபெறுகிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை வைத்திருப்போர், அதன்கீழ் எங்கே செய்துகொள்ளலாம் என்பதை முன்னரே கேட்டறிதல் நலம்.

ஆயினும் நாம் வற்புறுத்த வந்தது அறுவைக்குப் பிந்திய காலத்தைப் பற்றியே. “வயதானவர், அலுங்காமல் கிடக்கட்டும்” என்று மக்களும் மருமக்களும் அன்பினாலேயே அவரை முடக்கிவிடுகின்றனர். மருத்துவர்களோ பெரும்பாலும் அன்றோ மறுநாளோ எழுந்து நிற்கச் சொல்கின்றனர். கால் அசையாதிருந்தால் குழாயில் இரத்தம் உறைந்து, நுரையீரலுக்கு ஏறி, உயிருக்கே கேடு விளையலாம். ஆகவே படுத்தவாறே பாதத்தை மேலும் கீழும் அசைத்தலும், தொடைத் தசையை இறுக்கித் தளர்த்துதலும், பின்னர் வாக்கரைப் பிடித்து நடத்தலும் மருந்துக்கு நிகரானவை. அதன்பின் கைத்தடி. அறுவை நடந்த பக்கத்துக் கையிலேயே தடியைப் பிடிப்பது நம் மக்கள் இயல்பு, அது தவறு. எதிர்க்கையில் பிடித்தால்தான் புதிய மூட்டின் மீது பாரம் குறையும்.

மருத்துவர் அனுமதிக்கும் வரையில் சம்மணமிடுதலும், குந்துதலும், கால்மேல் கால் போடுதலும் ஆகா, மூட்டு நழுவிவிடக்கூடும். வீடு திரும்புமுன்னரே உயர்ந்த நாற்காலியும் உட்கார்ந்து போகும் கழிப்பிடமும் ஆயத்தமாயிருத்தல் வேண்டும். தரையில் அமர்ந்து பந்தியில் உண்பதே மரியாதை என்று பிடிவாதம் செய்யும் பெரியவரை இணங்கச் செய்வது அறுவையினும் கடினமென்பதை நாம் அறிவோம்.

2021 ஆகஸ்டு 5 இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’, இயன்முறைப் பயிற்சியையும் வீட்டு வாசலுக்குக் கொணர்ந்தது. அங்கத்தினர்கள் தத்தம் வார்டில் அறுவை முடிந்து திரும்புவோரின் பெயரை அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குத் தெரிவித்தல் வேண்டும். காயத்தில் நீர் கசிந்தாலோ காய்ச்சல் கண்டாலோ, அறுவை செய்த மருத்துவமனைக்கே உடனே செல்க. கெண்டைக்கால் வீங்கி மூச்சு முட்டினால், பயிற்சியாளரின் வரவுக்குக் காத்திராமல் 108 வண்டியை அழைக்கவும்.