தோளும் வழியும்
(கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

    

வாழ்க்கைப் பயணத்தில் வழித்துணை என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். வாழ்க்கை ஒரு பயணம் என்று சொல்லாத அறிஞர் இல்லை. ஆயினும் நம் மக்களுக்கு அது வெறும் உவமை அன்று. நடப்பதற்கே உரிமை கேட்க வேண்டியிருந்தவர்கள் நாம். பொதுச் சாலைகளிலும் கிணறு குளங்களிலும் எவரையும் தடுத்தலாகாது என்று 1924-ஆம் ஆண்டில் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசனார் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. அதனை எண்ணிப் பார்த்தால், பயணம் என்னும் சொல்லின் கனம் நமக்கு விளங்கும்.

நம் ஊரிலேயே இதற்கொரு வரலாறு உண்டு. காவிரிக்குத் தென்கரையில் உறையூர். ஆற்றின் நடுவே திருவரங்கம். இன்று நாம் ஒன்றாம் எண் பேருந்தில் ஏறிச் சில நிமிடங்களில் பாலத்தைக் கடந்துவிடுகிறோம். அன்று உறையூரில் பாணர் குடியில் வளர்ந்த திருப்பாணாழ்வார், அத்தீவில் கால் வைக்காமல், தென்கரையில் நின்றே யாழிசைத்துப் பாடினார் என்று குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. இறைவனுக்குத் திருமஞ்சன நீர் கொண்டுபோக வந்தார் உலோகசாரங்க முனிவர். பாட்டில் மெய்ம்மறந்து நின்ற பாணர் விலகாததைக் கண்டு கல்லை எறிந்தார். கோயிலுக்குத் திரும்பியபோது அரங்கன் நெற்றியில் குருதி கண்டு நடுங்கினார். பின்னர் இறைவன் ஆணைப்படி அப்பாணரைத் தம் தோளிலே சுமந்து கருவறை வரை சென்றார். முனிவாகனர் என்னும் பெயர் அதனால் வந்தது. பாணர் பாடிய பத்துப் பாசுரங்கள் நாலாயிரத்தில் இடம்பெற்றன. அவற்றுக்கு உரை வரைந்த வேதாந்த தேசிகர், அவ்வுரைக்கு முனிவாகன போகம் என்றே பெயரிட்டார்.

இவ்வரலாற்றில் இரண்டு செய்திகளைக் காண்கிறேன். முதலாவது, கல்லெறிந்த கையும் சுமந்த தோளும் ஒரே மனிதருடையவை. மனிதன் மாறக்கூடியவன் என்னும் நம்பிக்கையை இது தருகிறது. இராமானுசரும் காவிரியில் நீராடிக் கரையேறுகையில், மல்லரான பிள்ளை உறங்காவில்லி தாசரின் தோளில் கைவைத்தே நடந்தார் என்பர்.

இரண்டாவது செய்தி கசப்பானது. தோளில் சென்றவர் ஒருவர். கரையிலே நின்றவர்கள் எத்தனை தலைமுறையினர்! 1939-ஆம் ஆண்டு சூலை 8 அன்று வைத்தியநாத ஐயர், கக்கன் முதலானோருடன் மதுரைக் கோயிலுக்குள் நுழைந்தார். சென்னை மாகாணத்தின் ஆலய நுழைவுச் சட்டம் வந்தது 1947-இல். தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு 1950-இல் நடைமுறைக்கு வந்தது. ஒருவரைத் தோளில் ஏற்றுவது அருள். எல்லாரும் நடக்க வழி திறப்பது அறம். அருளாளர்களை நாம் வணங்குவோம். ஆனால் நமக்கு வேண்டியது வழியே.

அவ்வழியைத் திறந்தவர்கள் தனியே நடக்கவில்லை. 1930-இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டுக்குச் சென்ற அண்ணல் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனாரும் வெவ்வேறு மொழியினர். வயதிலும் முப்பதாண்டு இடைவெளி உடையவர்கள். எனினும் நம் குறைகளை எடுத்துரைக்க இருவரும் ஒன்றாகவே நின்றனர்.

பாணர் என்றேன். சங்க நூலான பத்துப்பாட்டில் ஆற்றுப்படை என்றொரு வகை உண்டு. பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவன், வறுமையோடு எதிரே வருபவனைக் கண்டு, தான் சென்ற வழியைச் சொல்லி அனுப்புவதே அதன் பொருள். எந்த ஊரில் தங்கலாம், எந்த வாயிலில் நிற்க வேண்டும் என்று விளங்கச் சொல்வான். பெற்றதை மறைத்துக்கொண்டு வேறு தெருவால் போய்விட மாட்டான். பாணர் மரபு நமக்கு விட்டுச் சென்ற செல்வம் இதுவே.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் கல்லூரியில் சேர்ந்தபோது, விடுதியில் எனக்கு மூத்த மாணவர் ஒருவர் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தார். பேருந்துக்குக் காசும் கொடுத்து அலுவலக வாயில் வரை உடன் வந்தார். "பயப்படாதே தம்பி, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்" என்றார். அவர் இல்லையேல் இம்மேடையில் நான் இல்லை.

பின்னர் எனக்கு வேலை கிடைத்தது. நகரில் வீடும் அமைந்தது. எங்கள் தெருப் பையன் ஒருவன் மதிப்பெண் பட்டியலோடு வந்து, "ஐயா, கல்லூரியில் சேர வேண்டும். கூட வருகிறீர்களா?" என்று கேட்டான். "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்றேன். அடுத்த வாரத்துக்குள் விண்ணப்ப நாள் முடிந்துவிட்டது. சில மாதங்கள் கழித்து, காந்தி சந்தையில் வெங்காய மூட்டையைத் தோளில் சுமந்து வந்தவன் என்னைக் கண்டு, சுமையோடு நின்று வணங்கினான். அவன் முகத்தில் கோபம் இல்லை. அதுவே என்னை இன்றும் உறுத்துகிறது. அன்று நான் அவன்மீது கல்லெறியவில்லை. வழி சொல்லவும் இல்லை. விளைவு வேறாக இருந்ததா?

ஆகவே, இக்கழகத்தால் பயன்பெற்றுப் பணியில் அமர்ந்துள்ள ஒவ்வொருவரையும் ஒன்று வேண்டுகிறேன். நன்கொடை தருகிறீர்கள், மகிழ்ச்சி. அதனோடு, ஆண்டுக்கு ஒரு மாணவனையோ மாணவியையோ உங்கள் பொறுப்பில் ஏற்றுக்கொள்ளுங்கள். சாதிச் சான்றும் வருமானச் சான்றும் பெறத் துணை செய்யுங்கள். உதவித்தொகை விண்ணப்பத்தின் கடைசி நாளை நினைவூட்டுங்கள். சேர்க்கை நாளன்று வாயில் வரை உடன் செல்லுங்கள். இதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை; ஒரு நாள் விடுப்புப் போதும். நானும் இவ்வாண்டு முதல் இதனைச் செய்வேன் என்று இச்சபையில் உறுதி கூறுகிறேன்.

மாணவர்களே! உங்களுடன் வருபவரை மறவாதீர்கள். அதைவிட, உங்களுக்குப் பின்னால் வருபவனை மறவாதீர்கள். பாலத்தைக் கடந்தபின் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அக்கரையில் இன்னும் ஒருவன் நின்றுகொண்டிருப்பான்.