அடைபட்ட நாளும் ஆக்க வேலையும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது, வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த நாட்களிலும் எழுத்தும் பாட்டும் கோலமும் நம் புசாவல் காலனியில் எவ்வாறு வற்றாதிருந்தன என்பதைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். அன்று தொட்டிலில் கிடந்த குழந்தைகள் இன்று பள்ளிக்கூடம் போகிறார்கள். அவர்கள் அறிய ஒரு குறிப்பு மலரில் இருக்கட்டும் என்பது அவர் எண்ணம். நாமோ பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, தந்தையார் மறைந்தபின் ரயில்வேயில் சேர்ந்த முன்பதிவு எழுத்தர். புலமை நம்மிடம் இல்லை. கண்டதைச் சொல்லுவோம், பிழையிருப்பின் பொறுத்தருள்க.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். வற்றாதிருந்தன என்பது சரியன்று. முதல் இரண்டு வாரம் எல்லாம் வற்றித்தான் போயின.

1853-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் பம்பாய் போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு முதல் பயணிகள் வண்டி ஓடிய காலந்தொட்டு இந்நாட்டில் காணாத காட்சியை 2020 மார்ச் 22-இல் கண்டோம். பயணிகள் வண்டிகள் அனைத்தும் நின்றுவிட்டன. 1974-ஆம் ஆண்டுப் பெரு வேலைநிறுத்தத்தில்கூடச் சில வண்டிகள் ஓடின என்று நம் மூத்தோர் சொல்வார்கள். சரக்கு வண்டிகள் மட்டும் போய்க்கொண்டிருந்தன. நடைமேடை அறிவிப்புக் குரலைக் கேட்டே உறங்கிப் பழகிய நம் குழந்தைகள், அக்குரல் ஓய்ந்ததும் இரவில் விழித்துக்கொண்டு அழுதன. மார்ச் 25 முதல் நாடு முழுவதற்கும் இருபத்தொரு நாள் ஊரடங்கு. முன்பதிவுச் சன்னல்கள் மூடப்பட்டன. நாமும் வீட்டோடு ஆனோம்.

இருபது ஆண்டுகளாக நாம் சொல்லி வந்த சொல் ஒன்று உண்டு: "நேரம் மட்டும் கிடைக்கட்டும், எழுதித் தள்ளிவிடுவோம்." நேரம் கிடைத்தது. புது நோட்டு ஒன்றை எடுத்துப் பிள்ளையார் சுழியும் போட்டாயிற்று. அதன்பின் ஒரு வரி எழுந்ததா? இல்லை. மார்ச் 28 முதல் தூர்தர்ஷனில் மீண்டும் வந்த இராமாயணத்தைக் காலையும் இரவும் பார்த்தோம். மற்ற நேரமெல்லாம் கைப்பேசியில் நோய்க் கணக்கைப் பார்த்து அஞ்சினோம். புசாவல் வெயிலைப் பற்றி உங்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. நோட்டை விசிறியாகப் பயன்படுத்தினோம் என்பதே அதன் வரலாறு.

ஓரிரவு நம் இல்லத்தரசியார் சோறு பரிமாறிக்கொண்டே, "சன்னலில் ஆள் நின்றால்தானே நீங்கள் சீட்டு எழுதுகிறீர்கள்? வரிசையே இல்லாவிட்டால் வெறும் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு எதை எழுதுவீர்கள்?" என்றார். அவர் அதை ஏளனமாகச் சொன்னாரா, இரக்கத்தோடு சொன்னாரா என்பது இன்றளவும் நமக்கு விளங்கவில்லை. ஆனால் அந்தச் சொல் தைத்தது. எழுதினால் கேட்பதற்கு ஆள் வேண்டும். அவர் இன்ன நேரத்தில் காத்திருப்பார் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ரயில்வேக்காரனுக்கு இது தெரியாமற் போனது வியப்பே.

மறுநாள் நம் வரிசைக் குடியிருப்பின் எட்டு வீட்டாருக்கும் சொல்லி அனுப்பினோம். மாலை ஏழு மணி அடித்ததும் அவரவர் தாழ்வாரத்தில் அவரவர் அமர வேண்டும். ஒருவர் வாசலுக்கு மற்றவர் வரலாகாது. அன்றைக்கு வீட்டு மதிலுக்கு உள்ளேயிருந்து கண்ணிற் பட்ட ஒன்றைப் பற்றி அரைப் பக்கம் எழுதி உரக்கப் படிக்க வேண்டும். எழுத வராதவர் பாடலாம், கதை சொல்லலாம். அரைப் பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. இந்தக் கடைசி விதியை மீறியவர் இந்த எழுத்தர் ஒருவரே.

பல்லியைப் பற்றி வந்தது. ஓட்டைத் தண்ணீர்த் தொட்டியைப் பற்றி வந்தது. கோலமாவு தீர்ந்துபோன வீட்டு அம்மையார் செங்கற்பொடியால் கோலமிட்டு, புள்ளிக்கணக்கை ஒரு சிறுமிக்குத் தாழ்வாரத்திலிருந்தே கூவிக் கூவிக் கற்பித்தார். பத்து நாளில் சிறுமியின் கோலம் ஆசிரியரின் கோலத்தை விஞ்சியது. திருநெல்வேலிப் பாட்டியார் ஒருவர், அறுபது ஆண்டுக்கு முன் புகைவண்டியில் முதன்முதலாக இவ்வூருக்கு வந்து இறங்கியபோது ஒரு குடம் தண்ணீர் கேட்க மராத்தியில் சொல் தெரியாமல் விழித்த கதையை மூன்று நாள் தொடராகச் சொன்னார். ஒரு பையன் சன்னல் வழியே சரக்கு வண்டிகளின் பெட்டிகளை எண்ணி, ஒவ்வொன்றிலும் எழுதியிருந்த எழுத்துக்களைக் குறித்துக்கொண்டு, பஞ்சாபிலிருந்து மும்பைக்குப் போகும் ஒரு கோதுமை மூட்டையின் வரலாற்றை அந்த மூட்டையே சொல்வதாக எழுதினான். கேட்டவர் கைதட்டல் அடுத்த வரிசை வரை கேட்டது.

எதிர் வரிசை மராத்தி நண்பர், மொழி புரியாவிட்டாலும் நாள்தோறும் நாற்காலி போட்டு அமர்வார். திலகர் பெருமான் 1908 முதல் 1914 வரை மாந்தளைச் சிறையில் கிடந்தபோது பென்சிலால் எழுதியதே கீதா ரகசியம் என்று அவர் நினைவூட்டினார். நாமும் சளைக்காமல், செக்கிழுத்த வ.உ.சி. சிறையிலேயே ஆங்கில நூலைத் தமிழாக்கிய செய்தியைச் சொன்னோம். அவர்கள் பட்டது கொடுஞ்சிறை; நமக்கோ தலைக்கு மேல் விசிறி, மாதம் பிறந்தால் சம்பளம். ஒப்பிட்டுப் பேசியதற்குப் பின்னர் நாமே நாணினோம்.

நாணவேண்டிய நாளும் வந்தது. மே முதல் தேதியிலிருந்து தொழிலாளருக்கென்று தனி வண்டிகள் விடப்பட்டன. நம் புசாவலுக்குப் போனால் வண்டி கிடைக்கும் என்று நம்பி, மத்தியப் பிரதேசத்துத் தொழிலாளர் சிலர் ஜால்னாவிலிருந்து இருப்புப்பாதை வழியே நடந்து வந்தார்கள். வண்டிகள் ஓடவில்லை என்று எண்ணி, கர்மாட் அருகே களைத்துத் தண்டவாளத்திலேயே உறங்கிப்போனார்கள். மே 8-ஆம் நாள் விடியற்காலை ஒரு சரக்கு வண்டி வந்தது. பதினாறு பேர் மாண்டனர். தண்டவாளத்தில் சிதறிக் கிடந்த ரொட்டிகளின் படத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள்.

அவர்கள் நம் நிலையத்துக்கு வந்துகொண்டிருந்தவர்கள். மூடியிருந்த நம் சன்னலை நோக்கி வந்தவர்கள் என்றே நமக்குத் தோன்றியது. அன்று மாலை ஏழு மணிக்கு எட்டுத் தாழ்வாரத்திலும் ஆட்கள் அமர்ந்திருந்தார்கள், ஒருவரும் படிக்கவில்லை. பல்லியைப் பற்றி எழுதி மகிழ்ந்தோமே, இது தகுமா என்று பாட்டியார் கேட்டார். யாரிடமும் விடை இல்லை. இன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

இரவு உறக்கம் வரவில்லை. கைப்பேசியில் வந்திருந்த பெயர்களைப் பார்த்து, முன்பதிவுப் படிவத்தில் எழுதுவதுபோல், வரிசை எண், பெயர், வயது என்று நோட்டில் தமிழெழுத்தில் எழுதினோம். பிறர் பெயரையும் வயதையும் எழுதுவது ஒன்றே நாம் வாழ்நாளில் நன்றாகக் கற்ற தொழில். அதைப் படித்துக் காட்டும்படி எவரும் கேட்கவில்லை, நாமும் காட்டவில்லை.

மூன்றாம் நாள் பாட்டியார்தாம் மீண்டும் தொடங்கி வைத்தார். ஆனால் மதிலுக்கு உள்ளே கண்டது மட்டும் என்ற விதியை எடுத்துவிட்டோம். பையன் பெட்டிகளை எண்ணுவதை விட்டு, தொழிலாளர் தனி வண்டிகளின் சன்னல்களில் தெரிந்த முகங்களைப் பற்றி எழுதலானான். அவனுடைய சிறந்த எழுத்து அதுவே என்பது நம் கருத்து. கைதட்டல் மட்டும் குறைவாகவே விழுந்தது.

மே 22 முதல் முன்பதிவுச் சன்னல்கள் சிறிது சிறிதாகத் திறந்தன. வேலை வந்தது, ஏழு மணிக் கூட்டத்துக்கு ஆறு வீடு, நான்கு வீடு என்று தேய்ந்து, மழைக்காலத்தில் நின்றுபோயிற்று. எட்டு வீட்டு நோட்டுகளும் இப்போது சங்க நூலக அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கின்றன. சாவி செயலாளரிடம் உள்ளது. நீல அட்டை போட்டது நம்முடையது. அதில் பெயர்கள் உள்ள பக்கத்துக்கு அடுத்த பக்கத்தை வெறுமையாகவே விட்டிருக்கிறோம். குழந்தைகள் அதில் படம் வரையாமல் பெற்றோர் பார்த்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.