ஈட்டிய பொருளும் எழுதிய பெயரும்

நெடுங்காலம் பம்பாய் என வழங்கி, 1995 முதல் மும்பை எனப் பெயர் மாறிய இந்நகரில் தமிழர் குடியேறத் தொடங்கி நூறாண்டுகளுக்கு மேலாகிவிட்டன. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர்கள் தாராவியில் தங்கினார்கள். கணக்கரும் சுருக்கெழுத்தாளரும் மாட்டுங்காவில் வாடகைக்கு அமர்ந்தார்கள். செம்பூரிலும் நம்மவர் குடியிருப்புகள் பெருகின. தொழில் வேறு, வருவாய் வேறு. ஆயினும் கவலை ஒன்றே. பொருளை ஈட்டுவது இங்கே. அதை எதிர்நோக்கியிருக்கும் குடும்பமோ பலருக்கு ஊரிலே.

சிக்கனத்தைப் பற்றி நம்மவர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஓர் அறையில் எண்மர் தங்கி, முறை வைத்துச் சமைத்து, மிச்சம் பிடித்து ஊருக்கு அனுப்பியே பல குடும்பங்கள் தலையெடுத்தன. இப்பேச்சில் நாம் கூற எடுத்துக்கொண்டது வேறொன்று. ஈட்டிய பொருள் இன்னாருடையது என்று எழுத்தில் நிற்க வேண்டும். நில்லாவிடில், பாடுபட்டவருக்குப் பின் அது அவர் வீட்டாரைச் சேருவது அரிது.

முதற்கண் பெயர். மொழிபெயர்ப்பு அலுவலில் நாள்தோறும் படிவங்களோடு பழகுகிற நமக்கு இது கண்கூடு. தந்தை முத்தையா, மகன் கந்தசாமி என்று வைத்துக்கொள்வோம். ஊரில் குடும்ப அட்டையில் அவர் மு. கந்தசாமி. வருமான வரித் துறையின் பான் அட்டை தலையெழுத்தை ஏற்பதில்லை, விரித்தெழுதச் சொல்லும். அங்கே அவர் கந்தசாமி முத்தையா ஆகிறார். குடும்பப் பெயரை முன்னே எழுதும் மராட்டிய வழக்கையொட்டிய படிவத்தில் முத்தையா கந்தசாமி ஆகிறார். ஆங்கில எழுத்துக்கூட்டலோ இடத்துக்கிடம் ஓரெழுத்துக் கூடும், ஓரெழுத்துக் குறையும். உயிரோடு இருக்கும் வரையில் கந்தசாமி ஒருவரே. அவர் மறைந்த பின்னரோ காகிதத்தில் மூவர் நிற்பர். அம்மூவரும் தம் கணவரே என்று மெய்ப்பிக்க, ஊரிலிருக்கும் மனைவி அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க வேண்டும். ஆகவே ஏதேனும் ஒரு வடிவத்தைத் தேர்ந்து, ஆதார், பான், வங்கி, சேமநிதி ஆகிய எல்லாவற்றிலும் அவ்வாறே திருத்திக்கொள்க. மணமான பின் தந்தையின் தலையெழுத்தை விட்டுக் கணவரின் தலையெழுத்தை ஏற்கும் பெண்கள், இதில் இருமடங்கு கவனமாயிருத்தல் நலம்.

அடுத்தது ஊருக்குப் பணம் அனுப்புதல். 1880இல் தொடங்கிய மணியார்டர் முறையில் ஓர் அருமை இருந்தது. பெற்றவர் கையொப்பமோ பெருவிரல் ரேகையோ இட்ட துண்டு அனுப்பியவருக்கே திரும்பி வரும். இன்றோ, 2016இல் வந்த யூ.பி.ஐ. முறையில் பணம் நொடியில் போய்ச் சேருகிறது. வங்கிக் கணக்கே சான்றாகிறது. ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்பும் பணத்துக்கு எச்சான்றும் இல்லை. யூ.பி.ஐ.யில் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும்: ரகசிய எண் பணம் அனுப்புவதற்கே உரியது. பணம் பெறுவதற்கு அதைக் கேட்பவன் மோசடிக்காரன். ஏமாற நேர்ந்தால் காலந்தாழ்த்தாமல் 1930 என்னும் எண்ணுக்கு அறிவிக்க வேண்டும்.

ஊரில் மனை வாங்குவோர் செய்யும் பிழை மிகப் பெரிது. அவசரத்துக்கு ஊருக்குப் போக இயலாமல், பணத்தை அனுப்பி, தம்பி பெயரில் பத்திரம் முடிக்கச் சொல்வதுண்டு. பத்திரத்தில் பெயர் இல்லாத அண்ணன், பணம் தந்தவன் நானே என்று பின்னர் வழக்காட 1988ஆம் ஆண்டின் பினாமித் தடைச் சட்டம் இடம் தருவதில்லை. கணக்குக் காட்டக்கூடிய வருவாயைக் கொண்டு மனைவி, மக்கள் பெயரில் வாங்குவதற்கு விலக்கு உண்டு. உடன்பிறந்தார் பெயரில் வாங்குவதாயின் நம் பெயரும் ஆவணத்தில் சேர்ந்திருத்தல் வேண்டும். உடன்பிறந்தார் மேல் ஐயமென்று எவரும் கருதலாகாது. அண்ணன் தம்பி உறவு கெடாமல் காப்பதும் இந்தப் பத்திரமே. முன்பணம் கொடுக்கும் முன் வில்லங்கச் சான்றையும் பட்டாவையும் பார்த்துவிடுக. தமிழ்நாட்டில் அவ்விரண்டையும் இப்பொழுது இணையத்திலேயே பார்க்கலாம்.

சீட்டுப் பிடித்தல் நம்மவர் எங்கு சென்றாலும் உடன் வருவது. 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு பெற்றுச் சீட்டு நடத்துவோரும் உளர். சேருமுன் பதிவு எண்ணையும் எழுத்து ஒப்பந்தத்தையும் கேட்பது மரியாதைக் குறைவாகாது. கடன் வாங்கும்போது வட்டியை ஆண்டுக் கணக்கில் பார்க்க வேண்டும். மூன்று வட்டி என்றால் காதுக்குச் சிறிது. ஆண்டுக்கு நூற்றுக்கு 36 ஆகிறது. ஐந்து வட்டியோ 60.

வங்கியில் இட்ட பணத்துக்கும் ஓர் எல்லை உண்டு. 2019 செப்டம்பரில் பஞ்சாப்-மகாராஷ்டிரக் கூட்டுறவு வங்கி கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது, முதலில் ஒரு கணக்கிலிருந்து ரூ. 1,000 மட்டுமே எடுக்கலாம் என்றிருந்தது. இந்நகரத்தார் பலர் வாழ்நாட் சேமிப்பு முழுவதையும் அதில் வைத்துவிட்டுத் தவித்தார்கள். 2020 பிப்ரவரி முதல், ஒரு வங்கியில் ஒருவர் வைப்புக்கு ரூ. 5 லட்சம் வரை காப்புறுதி உண்டு. அதற்கு மேற்பட்டதைப் பிரித்து வைப்பது விவேகம்.

ஆலையிலும் அலுவலகத்திலும் வேலை செய்வோர், வேலை மாறுந்தோறும் சேமநிதியையும் ஓய்வூதியப் பங்கையும் எடுத்துச் செலவழித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. பத்தாண்டுச் சேவை நிறைந்தால் ஓய்வூதிய உரிமை உண்டு. இடையில் பங்கை எடுத்தவர் மீண்டும் ஒன்றிலிருந்து எண்ண வேண்டியதுதான். பழைய கணக்கைப் புதியதற்கு மாற்றிக்கொள்வதே ஏற்றது.

குடியிருப்புக்கு வருவோம். மகாராஷ்டிரத்தின் 1999ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி லீவ் அண்டு லைசன்ஸ் ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து பதிவாக வேண்டும். பதிவு செய்வது வீட்டுக்காரர் பொறுப்பு. பெருந்தொகை முன்பணமாகக் கொடுப்போர் பதிவில்லாமல் கொடுக்கலாகாது. தாராவியில் காகிதத்தின் மதிப்பு இன்னும் பெரிது. அங்கு நடைபெறும் மறுசீரமைப்பில், கீழ்த்தளத்தில் 2000 ஜனவரி 1ஆம் தேதிக்கு முன்பிருந்து குடியிருப்பதற்குச் சான்று காட்டுவோருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு விலையின்றிக் கிடைக்கும். மற்றையோருக்கு நிபந்தனைகள் வேறு. மூன்று தலைமுறையாக வாழ்ந்த வீட்டுக்கு இன்று சாட்சி சொல்ல வருவது பழைய மின்கட்டண ரசீதும், வாக்காளர் பட்டியலில் உள்ள ஒரு வரியும், பாட்டனார் பெட்டியில் கிடந்த ஃபோட்டோ பாஸுமே. தாள் மஞ்சளித்ததே என்று எதையும் எறிந்துவிடாதீர்கள்.

இறுதியாக வாரிசு நியமனம். வங்கியிலும் சேமநிதியிலும் காப்பீட்டிலும் நியமனதாரர் பெயரைப் பதிய வேண்டும். மணமாகும் முன் தாயின் பெயரைப் பதிந்தவர்கள், மணமான பின் அதைத் திரும்பிப் பார்க்க வேண்டும். வங்கி வைப்புக்கு 2025 நவம்பர் முதல் நால்வர் வரை நியமிக்கலாம். நியமனதாரர் பணத்தைப் பெறுபவரே. வங்கி வைப்பைப் பொறுத்தவரை உரிமை சட்டப்படியான வாரிசுகளுடையது. எனவே ஓர் உயில் எழுதி வைப்பதும் நன்று. பத்தாண்டுகள் எவரும் கேளாத வைப்புகள் ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்குச் செல்கின்றன. பிறகும் அவற்றைக் கேட்டுப் பெறலாம். ஆனால் அப்படியொரு கணக்கு இருந்ததென்று வீட்டாருக்குத் தெரிந்தாலன்றோ கேட்பார்கள்?

ஆதலால் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். எந்த வங்கி, எந்தக் கணக்கு, எந்தச் சீட்டு, யாருக்குக் கொடுத்தது, யாரிடம் வாங்கியது என்று தமிழில், வீட்டார் படிக்கும்படி எழுதுக. ரகசிய எண்களை மட்டும் அதில் எழுதலாகாது. ஒரு படி இங்கே இருக்கட்டும். மற்றொரு படி அடுத்த முறை ஊருக்குப் போகும்போது மனைவியிடமோ தாயிடமோ சேரட்டும். கொடுத்துவிட்டு, ஒரு முறை உடனிருந்து படித்துக் காட்டுங்கள்.