துருவோடு ஒரு வழக்கு



பாபநாசத்தில் மலையை விட்டு இறங்கிப் புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் தாமிரபரணிக்கு எட்டு அணைக்கட்டுகள் உண்டு. அவற்றுள் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் ஆகிய மூன்றும் எங்கள் அம்பாசமுத்திரத்துப் பக்கத்திலேயே இருக்கின்றன. கால்வாய்க்கரை ஓரமாக நடந்து போனால் மதகுகளின் மேல் நிற்கும் திருகுத் தண்டுகளைக் காணலாம். நீண்ட இரும்புத் தண்டு ஒன்றில் மரை வெட்டியிருக்கும். அதன்மேல் ஒரு பித்தளைச் சுரை. கடைத்தெருவில் அதை 'நட்டு' என்பார்கள். கைப்பிடியைச் சுற்றினால் சுரை சுழலும், தண்டு ஏறும், தண்டோடு கீழே உள்ள பலகையும் ஏறும். இவ்வளவுதான் யந்திரம்.

1974-ஆம் ஆண்டு. எனக்கு அப்பொழுது பதினேழு வயது. கார் சாகுபடிக்கு ஜூன் தொடக்கத்தில் தண்ணீர் விடுவது வழக்கம். நாற்றங்காலில் விதை போட்டாகிவிட்டது. கால்வாயிலும் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் எங்கள் வயல்களுக்குப் போகும் சிறு மடை ஒன்று திறக்க மறுத்தது. பல மாதங்களாக யாரும் தொடாத சுரை தண்டோடு ஒன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தது. கரையில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். என் தந்தையாரும் நின்றார். பலர் பார்க்க வீரம் காட்டும் வயதல்லவா? நான் ஒரு தண்ணீர்க் குழாயைக் கொண்டுவந்து கைப்பிடியில் செருகி, அதன் நுனியில் தொங்கினேன். 'பட்' என்று ஒரு சத்தம். சுரை அசையவில்லை, சட்டத்தைப் பிடித்திருந்த போல்ட் ஒன்று தலை வேறு, உடல் வேறாக முறிந்தது. என் தந்தையார் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கொல்லுலை வைத்திருந்த முதிய ஆசாரி ஒருவரை அழைத்து வந்தோம். அவர் செய்ததைச் சொல்வதற்கு முன், துரு செய்வது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். இரும்பு, காற்றிலுள்ள பிராணவாயுவோடும் நீரோடும் சேர்ந்து துருவாகிறது. அந்தத் துரு, தான் தின்ற இரும்பைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் இடத்தை அடைத்துக்கொள்ளும். மரைக்கும் மரைக்கும் நடுவே இருப்பதோ மயிரிழை இடைவெளி. அதில் துரு வளர்ந்தால் ஆப்பு அடித்தது போலாகிவிடும். இங்கே இன்னொரு தொல்லையும் உண்டு. இரும்பும் பித்தளையும் தொட்டுக்கொண்டு ஈரத்தில் இருந்தால் ஒரு சிறு மின்கலம் போலாகிவிடுகின்றன. இரும்பு கரையும், பித்தளை பிழைக்கும். உப்பு நீர் மின்சாரத்தை எளிதில் கடத்துவதால், அம்பாசமுத்திரத்தில் ஆண்டுக்கணக்கில் நடக்கும் சேதம் தூத்துக்குடித் தோணியில் மாதக்கணக்கில் நடந்துவிடுகிறது.

இதைப் பிரிட்டிஷ் கடற்படை பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1761-இல் 'அலாரம்' என்னும் போர்க்கப்பலின் அடிப்பாகத்துக்குச் செப்புத்தகடு போர்த்தினார்கள். 1763-இல் தகட்டைப் பிரித்துப் பார்த்தால், செம்பு நன்றாக இருக்கிறது. அதைத் தொட்ட இரும்பு ஆணிகள் கரைந்து போயிருக்கின்றன. தகடு சுற்றி வந்த பழுப்புக் காகிதம் தற்செயலாகக் கிழியாமல் நின்ற இடங்களில் மட்டும் ஆணிகள் பிழைத்திருந்தன! 1824-இல் ஹம்ப்ரி டேவி இந்தத் தொல்லையையே உபாயமாக்கினார். செம்போடு இரும்புத் துண்டையோ துத்தநாகத் துண்டையோ சேர்த்தால், துண்டு அழிந்து செம்பைக் காக்கும் என்றார். செம்பு காப்பாற்றப்பட்டது. ஆனால் கரையாத செம்பில் சிப்பிகளும் பாசியும் மண்டிவிட்டன. அறிவாளிகளுக்கும் இப்படி நேர்வதுண்டு.

ஆசாரிக்கு டேவியைத் தெரியாது. சுரையைச் சுற்றிக் கம்பித் தூரிகையால் தேய்த்து, மண்ணெண்ணெயில் சிறிது யந்திர எண்ணெய் கலந்து ஊற்றினார். "ஏலே தம்பி, இன்னிக்குப் போ, நாளைக்கு வா" என்றார். வயல் காய்கிறதே என்று எல்லாரும் பதறினார்கள். அவர் வெற்றிலை போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலையில் சிறு சுத்தியலால் சுரையைச் சுற்றிச் சுற்றித் தட்டினார். ஓங்கி அடிக்கவில்லை, துரு பொடிந்து எண்ணெய் உள்ளே இறங்கும்படி மெல்லத் தட்டினார். பிறகு மண்ணெண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு ஊதுவிளக்கைச் சுரையின்மேல் காட்டினார். துடைக்காமல் நெருப்பைக் காட்டுவது ஆபத்து. அதை நீங்கள் மறக்கக்கூடாது. சூடாக்கினால் சுரை உள்பக்கமாகவும் விரிந்து தண்டை இறுக்கிவிடும் என்று சிலர் எண்ணுவார்கள். தவறு. வளையம் விரிந்தால் அதன் துளையும் விரியும். நூறு பாகை வெப்பம் ஏறினால், நாற்பது மில்லிமீட்டர் பித்தளைத் துளை ஏறத்தாழ 0.08 மில்லிமீட்டர் பெருகும். அதே அளவு இரும்புத் தண்டு 0.05 மில்லிமீட்டர்தான் பெருகும். வித்தியாசம் மிகச் சிறிது. ஆனால் துருவின் பிடி தளர அது போதும்.

அடுத்து அவர் செய்ததைக் கண்டு நான் திகைத்தேன். திறக்கும் பக்கம் திருப்பாமல், மூடும் பக்கம் ஒரு நூலளவு இறுக்கினார்! 'கிரீச்' என்றது. உடனே எதிர்ப்பக்கம் ஒரு நூல். மீண்டும் எண்ணெய்; மீண்டும் முன்னும் பின்னும். ஒரே பக்கமாக இழுத்தால் பொடிந்த துரு மரையில் சேர்ந்து மறுபடியும் இறுக்கிக்கொள்ளும். நண்பகலில் பலகை ஒரு சாண் உயர்ந்தது. தண்ணீர் பாய்ந்தது.

நான் முறித்த போல்ட்டுக்குத்தான் இரண்டு நாளாயிற்று. சட்டத்துக்குள் புதைந்த அடித்துண்டின் நடுவில் புள்ளி குத்தி, சிறிய துளையிட்டு, அதைப் படிப்படியாகப் பெரிதாக்கி, மரை கெடாமல் சுரண்டி எடுக்கவேண்டியிருந்தது. துளைக் கருவியின் கைப்பிடியை முழுக்க முழுக்க என்னையே சுற்றச் சொன்னார் ஆசாரி.

பிற்காலத்தில் தூத்துக்குடியில் தோணிகளைப் பழுதுபார்க்கும் இடங்களிலும், அலுமினியப் பாய்மரத்தில் துருப்பிடியா எஃகுத் திருகு பூட்டிய வெளிநாட்டுப் படகு ஒன்றிலும் இதே வழக்கைக் கண்டேன். அலுமினியத்தில் பூப்பது சிவப்புத் துரு அல்ல, வெள்ளைப் பொடி. பிடியோ அதே பிடி. அங்கும் எண்ணெய், காத்திருத்தல், தட்டுதல், அளவான சூடு, முன்னும் பின்னும் திருப்புதல். திருப்புளி நழுவித் திருகின் தலை தேய்ந்துவிட்டால் மட்டும் பல சமயங்களில் துளையிட வேண்டியிருக்கும்.

மதகுக்குப் புதிய போல்ட் பூட்டியபோது ஆசாரி அதன் மரையில் ஆட்டுக்கொழுப்பைத் தடவியே முடுக்கினார். 1978-இல் சட்டத்தை மாற்ற அதைக் கழற்றினோம். ஒரு கை ஸ்பானருக்கே சுழன்று வந்தது.