மறைத்த கைகள்

குற்றம் செய்தவர் மன்னிப்புக் கேட்கலாம். நட்டத்தை ஈடு செய்யலாம். தண்டனை என்றால் அதை அனுபவித்துவிட்டு வெளியே வரலாம். குற்றமே செய்யாமல் வெட்கத்தில் தலைகுனிந்து நிற்பவர் யாரிடம் போய், எதற்காக மன்னிப்புக் கேட்பார்?

கிறிஸ்தவ நம்பிக்கையைப் பற்றிப் பேசும் மேடைகளில் பாவமும் மன்னிப்பும் அடிக்கடி பேசப்படுகின்றன. வெட்கம் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நல்ல உடை உடுத்தி, புன்னகையோடு சபைக்கு வரும் குடும்பங்கள் பலவற்றை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருப்பது வெட்கம்தான். போதைப்பொருள் மறுவாழ்வு மையத்தில் மகன். கணவனை விட்டுத் திரும்பி வந்த மகள். வட்டிக்காரனுக்குப் பயந்து தொலைபேசியை எடுக்காத தகப்பன். இவர்கள் தேவனிடம் தினமும் பேசுகிறார்கள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசுவதில்லை.

குற்றவுணர்வு ஒரு செயலைச் சுட்டிக் காட்டுகிறது. வெட்கமோ ஆளையே சுட்டுகிறது. முன்னது தனியறையில் முழங்காலிட்டால் தீரக்கூடும். பின்னது அப்படித் தீர்வதில்லை. ஏனெனில் வெட்கம் பிறருடைய கண்களில் பிறக்கிறது. அது சாக வேண்டிய இடமும் அதுவே. விசுவாசத்துக்குச் சபை எதற்கு, வீட்டிலிருந்தே ஜெபித்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு இது ஒரு பதிலாகும்.

இதைப் புரிந்துகொள்ளத் தொழுநோயை விடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடையாது. மலேசிய நேயர்களுக்குச் சுங்கை பூலோ என்றதும் பூச்செடித் தோட்டங்கள் நினைவுக்கு வரும். வார இறுதியில் ரோஜாச் செடியும் மண்சட்டியும் வாங்கப் போகிறவர்கள் ஏராளம். அந்த இடம் 1930ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட தொழுநோயாளர் குடியிருப்பு. அங்கே பூச்செடி வளர்ப்புத் தொழிலாக வேரூன்றியது நோயாளிகளின் கைகளால்தான். அக்காலத்தில் உலகிலேயே பெரியவற்றுள் ஒன்றாக அது விளங்கியது. சட்டம் நோயாளிகளைக் கட்டாயமாகப் பிரித்து வைத்தது. உள்ளே பள்ளி, சந்தை, கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எல்லாம் இருந்தன. அங்கே பிறந்த குழந்தைகள் மட்டும் பெற்றோரிடம் விட்டுவைக்கப்படவில்லை. நோய் தொற்றும் என்ற அச்சத்தால் பிரிக்கப்பட்டு, பல குழந்தைகள் வெளியாருக்குத் தத்துக் கொடுக்கப்பட்டனர். நோய் குணமானபிறகும் வீடு திரும்பாதவர்கள் அங்கே இருந்தனர். கிருமி போய்விட்டது. ஊரார் பார்வை போகவில்லை.

இத்தனைக்கும் தொழுநோய் எளிதில் தொற்றும் நோயே அல்ல. மனிதர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இயற்கையிலேயே அதற்கு எதிர்ப்பு சக்தி உண்டு. 1873இல் நார்வே மருத்துவர் ஹான்சன் அதன் கிருமியைக் கண்டறிந்தார். இது பரம்பரைச் சாபமும் அல்ல, தெய்வத் தண்டனையும் அல்ல என்று அன்றே விளங்கியிருக்க வேண்டும். 1981ஆம் ஆண்டு உலகச் சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது முதல் இது முழுமையாகக் குணமாக்கக்கூடிய நோயாகிவிட்டது. இருந்தும் உலகில் இன்னும் ஆண்டுதோறும் ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகமானோர் புதிதாக இந்நோய்க்கு ஆளாகின்றனர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியாவில் உள்ளனர். உணர்ச்சியற்ற ஒரு தேமலைக் கண்டவுடன் மருத்துவரிடம் போனால் ஊனம் வராது. வெட்கப்பட்டு மறைப்பவருக்குத்தான் விரல் மடங்குகிறது. மருந்து இலவசம். வெட்கத்துக்குக் கொடுக்கும் விலை ஒரு கை.

வேதாகமத்தில் லேவியராகமம் 13ஆம் அதிகாரம் குஷ்டரோகி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று விதிக்கிறது. கிழிந்த உடை உடுத்த வேண்டும். வாயை மூடிக்கொள்ள வேண்டும். தான் தீட்டானவன் என்று தானே கூவ வேண்டும். பாளயத்துக்கு வெளியே தனியே குடியிருக்க வேண்டும். (அங்கே சொல்லப்படுவது இன்றைய தொழுநோய் மட்டுமன்று, பல வகைத் தோல் நோய்களும், துணியிலும் சுவரிலும் படியும் பூசணமும்கூட அந்த ஒரே பெயருக்குள் அடங்கின.) நோய்த் தடுப்பு என்ற அளவில் அதற்கு ஒரு நியாயம் இருக்கலாம். ஆனால் தன் வாயாலேயே தன்னைத் தீட்டு என்று நாள்தோறும் சொல்லிக்கொள்ளும் மனிதனின் மனம் என்னவாகும்?

அப்படிப்பட்ட ஒருவர் இயேசுவிடம் வருவதை மாற்கு முதலாம் அதிகாரத்தில் எழுதுகிறார். அந்த மனிதர் கேட்ட விதம் கவனிக்கத்தக்கது. இயேசுவால் முடியுமா என்ற ஐயம் அவருக்கு இல்லை. அவருக்கு மனம் இருக்குமா என்பதுதான் ஐயம். வெட்கத்தில் வாழ்பவரின் கேள்வி எப்போதும் இதுதான். தேவன் வல்லவர் என்பது தெரியும். என்னைப் போன்ற ஆளுக்காக அவர் வல்லமையைச் செலவழிப்பாரா என்பதே தெரியாது. இயேசு முதலில் கையை நீட்டித் தொட்டார். பிறகுதான் சொஸ்தமாகும்படி சொன்னார். ஒரு வார்த்தையால் தூரத்திலிருந்தே குணமாக்கியிருக்க முடியும். வேறு இடங்களில் அப்படிச் செய்தும் இருக்கிறார். இங்கே நோய் போகும் முன்னமே தொட்டார். சுத்தமான பிறகு தொடுவதற்கு யார்தான் தயங்குவார்?

அதே அதிகாரத்தின் முடிவில் பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் ஒரு செய்தி உண்டு. குணமானவர் நடந்ததை எங்கும் சொல்லிப் பரப்பினார். அதனால் இயேசு பட்டணத்துக்குள் வெளிப்படையாக வர முடியாமல், வெளியே வனாந்தரமான இடங்களில் தங்க வேண்டியதாயிற்று. வெளியே இருந்தவர் உள்ளே வந்தார். உள்ளே இருந்தவர் வெளியே போனார். இடம் மாறிவிட்டது.

இனி வேலூருக்கு வருவோம். மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் சிகிச்சைக்காக அங்கே சென்று வந்தவர்கள் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946ஆம் ஆண்டில் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் வந்து சேர்ந்தார். மிஷனெரிப் பெற்றோருக்கு மகனாகக் கொல்லிமலையில் வளர்ந்தவர். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்கு ஒருமுறை சென்றபோது நோயாளிகளின் கைகளைப் பார்த்தார். விரல்கள் கொக்கிபோல் வளைந்திருந்தன. ஆனால் பற்றிக்கொள்ளும் பிடியில் வலு இருந்தது. சதை அழுகித்தான் விரல் போகிறது என்று அதுவரை மருத்துவ உலகமே நம்பிக்கொண்டிருந்தது. அப்படியல்ல, சில நரம்புகள் மட்டுமே செயலிழக்கின்றன. வலி தெரியாததால் தீக்காயமும் வெட்டுக்காயமும் கவனிக்கப்படாமல் கையைத் தின்கின்றன என்று அவர் கண்டுபிடித்தார். இரவில் எலி கடித்தாலும் தெரியாமல் தூங்கும் நோயாளிகளுக்குப் பூனைகளைக் கொடுத்தனுப்பினார்கள் என்பது வேடிக்கையல்ல, மருத்துவம்.

முன்கையில் நல்ல நிலையில் உள்ள தசைநாரை எடுத்து விரல்களோடு இணைக்கும் அறுவைச் சிகிச்சையை அவர் 1948 முதல் செய்யத் தொடங்கினார். மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன. அங்கேதான் எதிர்பாராத ஒரு சிக்கல் வந்தது. கை நன்றாகிவிட்டது, வேலை கிடைக்கவில்லை. பிச்சை எடுத்துப் பிழைத்தவருக்கு இப்போது பிச்சையும் குறைந்தது. முகத்தைப் பார்த்தாலே ஊருக்குத் தெரிந்துவிடும்: புருவ முடி உதிர்ந்திருக்கும், மூக்கு அமுங்கியிருக்கும். எனவே தலைமுடியோடு கூடிய தோலை எடுத்துப் புருவம் வைத்தார்கள். மூக்கை நிமிர்த்தினார்கள். உடல்நலத்துக்குப் புருவம் அவ்வளவு முக்கியமா என்று கேட்கலாம். ஒரு மனிதன் தேநீர்க் கடைக்குள் நுழைவதற்கு அது முக்கியம். நவஜீவ நிலையம் என்ற பெயரில் குடிசைகள் அமைத்து, தச்சுவேலையும் கற்றுக்கொடுத்தார்கள். பிராண்ட் மருத்துவம் படிக்கும் முன்பே கட்டடத் தொழில் பழகியவர்.

அவரே பின்னாளில் எழுதிய இரண்டு நிகழ்ச்சிகள் இந்தப் பேச்சுக்கு மிக நெருக்கமானவை. ஒருநாள் ஒரு நோயாளியின் தோளில் கை வைத்து, என்ன சிகிச்சை செய்யப்போகிறோம் என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் விளக்கிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் விம்மி அழுதார். தவறாக ஏதும் சொல்லிவிட்டோமோ என்று மருத்துவர் பதறினார். அதெல்லாம் இல்லை, நீங்கள் தோளில் கை வைத்ததால் அழுகிறார், பல வருடங்களாக அவரை யாரும் தொட்டதில்லையாம் என்று பதில் வந்தது.

இன்னொன்று, நோயாளிகளின் ஜெபக்கூட்டம். திடீரென்று பேச அழைத்தார்கள். எதிரே பார்த்தால் எல்லாருமே கைகளை மறைத்து வைத்திருந்தனர். அவர் கைகளைப் பற்றியே பேசினார். இயேசுவின் குழந்தைக் கை, தச்சரின் காய்த்துப்போன கை, நோயாளிகளைத் தொட்ட கை. பிறகு ஆணி அறையப்பட்ட கை. ஆணி நரம்பைத் துளைத்திருந்தால் அந்த விரல்களும் இவர்களுடைய விரல்களைப் போலவே மடங்கியிருக்கும் என்றார். உயிர்த்தெழுந்த பின்னும் அந்த வடுவை அவர் மறைக்காமல் தோமாவிடம் நீட்டிக் காட்டியதைச் சொன்னார். பேச்சு முடிந்தபோது கைகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. விரல் இல்லாதவை, மடங்கியவை, கட்டுப் போட்டவை. உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்த்து வணக்கம் செலுத்தினார்கள். அந்தக் கூட்டத்தில் யாருடைய விரலும் அன்று முளைத்துவிடவில்லை.

அந்த ஜெபக்கூட்டத்தை இன்றைய தமிழ்ச் சபைகளின் ஜெபக்கூட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவ்வளவு இதமாக இராது. ஜெப விண்ணப்பங்கள் கேட்கும் நேரத்தில், "வாயால் சொல்ல முடியாத ஒரு காரியம்" என்று ஒரு தாயார் சொல்வார். எல்லாரும் தலையசைப்பார்கள். அது என்ன காரியம் என்பது கூட்டம் முடிந்து தேநீர் ஆறுவதற்குள் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும். "ஜெபிக்கத்தானே சொல்கிறேன்" என்ற முன்னுரையோடு கிளம்பும் புறணிக்குத் தமிழ்ச் சபைகளில் தனி மரியாதை உண்டு. சாட்சி நேரமும் அப்படியே. குடியிலிருந்து மீண்டவர் மேடையேறலாம். இன்னும் மீளாமல் தடுமாறுபவருக்கு மேடையும் இல்லை, பின் வரிசையில்கூட நிம்மதி இல்லை. வெற்றிக் கதைகளை மட்டுமே கேட்கும் சபை, தோற்றுக்கொண்டிருப்பவரை வீட்டிலேயே இருக்கச் சொல்கிறது. வாயால் அப்படிச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

இதற்கு மாற்று, எல்லாரும் எல்லாவற்றையும் ஒலிபெருக்கியில் சொல்வது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மாற்கு 5ஆம் அதிகாரத்தில் பன்னிரண்டு வருடம் உதிரப்போக்கினால் வருந்திய பெண் கூட்டத்தில் மறைந்து வந்து வஸ்திரத்தைத் தொட்டாள். குணமும் அடைந்தாள். இயேசு அதோடு விடாமல், தொட்டது யார் என்று கேட்டு நின்றார். அவளை அவமானப்படுத்தவா? அவள் நடுங்கிக்கொண்டே உண்மையைச் சொன்னபோது அவர் அவளை மகள் என்று அழைத்தார். அவளைத் தீட்டு என்று ஒதுக்கிய அதே கூட்டம் அந்தச் சொல்லைக் கேட்டது. ஒருவரைப் பேச வைப்பதற்கு முன், பேசிய பின் அவரை என்ன பெயர் சொல்லி அழைக்கப்போகிறோம் என்பதைச் சபை முடிவு செய்திருக்க வேண்டும். முடிவு செய்யாத சபை கேட்காமல் இருப்பதே நல்லது.

ஓரிடத்தில் மட்டும் மௌனத்துக்கு இடமே இல்லை. சிறுபிள்ளைக்கு எதிராகப் பாலியல் கொடுமை நடந்திருந்தால், சபையின் பெயர் கெட்டுவிடும், குடும்ப மானம் போய்விடும் என்று பேசி அடக்குவது விசுவாசமாகாது. அங்கே குற்றவாளி சுமக்க வேண்டிய வெட்கத்தைப் பிள்ளையின் தலையில் ஏற்றுகிறார்கள். மலேசியாவில் 2017ஆம் ஆண்டின் சிறார் பாலியல் குற்றச் சட்டப்படி, தெரிந்தும் தகவல் கொடுக்காமல் இருப்பதே குற்றமாகும். போதகருக்கும் மூப்பருக்கும் அதில் விலக்கு கிடையாது. மன்னிப்பைப் பற்றிய பிரசங்கம் காவல் நிலையத்துக்குப் போன பிறகு நடக்கட்டும்.

வேலூரில் பிராண்டோடு பணியாற்ற வந்தவர்களில் மேரி வர்கீஸ் என்ற இளம் பெண் மருத்துவரும் ஒருவர். 1954ஆம் ஆண்டு நடந்த வாகன விபத்தில் அவருடைய முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. முகத்திலும் ஆழமான தழும்பு. யாருடைய கண்ணிலும் படாமல் ஒதுங்கிவிட அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது. அவர் சக்கர நாற்காலியில் அறுவை அறைக்குத் திரும்பினார். கை அறுவையை உட்கார்ந்துகொண்டே செய்ய முடியும். தொழுநோயாளிகள் தங்கள் கைகளை நீட்டியது இந்த மருத்துவரிடம். தங்களைவிட அதிகம் இழந்தவர் தங்கள் விரலைப் பிடித்துப் பார்ப்பதை அவர்கள் பார்த்தார்கள். பின்னர் அவர் வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று வேலூர் திரும்பினார். அவருடைய முயற்சியால் 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் இன்றும் அங்கே நாற்காலியை உருட்டப் பழகுகிறார்கள்.